முதற்படகாக ஒரு பழைய பாய்மரப் படகைத் தேர்ந்தெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

1959-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பியர்சன் ட்ரைட்டன் என்ற 28 அடிப் படகு, ஃபைபர் எனப்படும் கண்ணாடியிழையில் பெருமளவில் வார்க்கப்பட்ட முதல் பாய்மரப் படகுகளுள் ஒன்று. அந்த வகைப் படகுகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய படகுச் சந்தை இவ்வளவு பெரிதாக இருப்பதற்கும், அதில் புதியவர்கள் எளிதில் ஏமாறுவதற்கும் காரணம் ஒன்றே: ஃபைபர் உடல் அரை நூற்றாண்டைத் தாங்கும், அதன்மேல் பொருத்தப்பட்ட வேறெதுவும் அவ்வளவு காலம் தாங்காது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளே ஆயுள். பாய்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே தளர்ந்துவிடும். ரப்பர் குழாய்களும் மின்கலங்களும் அதற்கும் முன்பே போய்விடும். விற்பவர் படகின் வயதாக ஓர் எண்ணைச் சொல்வார். வாங்குபவரோ ஒவ்வொரு உறுப்பின் வயதையும் தனித்தனியே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த வயதுகளைக் கண்டுபிடிப்பது பற்றியதுதான்.

முதற்படி: அடுத்த இரண்டு ஆண்டுகளை மட்டும் நினைத்துப் பாருங்கள்

படகு வாங்க நினைப்பவர்களுள் பலர் பெருங்கடலைக் கடக்கும் கனவோடு தேடத் தொடங்கி, அந்தக் கனவுக்கேற்ற கனமான, ஆழமான, செலவு மிகுந்த படகொன்றை வாங்கிவிட்டு, ஆண்டுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுக வாயில்வரை போய்த் திரும்புகிறார்கள். கனவு காண்பதில் தவறில்லை. ஆனால் முதற்படகு அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கானது. எந்த நீரில் ஓட்டப் போகிறீர்கள், அதன் ஆழம் எவ்வளவு, பெரும்பாலான நாட்களில் உங்களோடு எத்தனை பேர் வருவார்கள், இரவில் படகில் தங்குவீர்களா என்ற கேள்விகளுக்கு உண்மையான விடைகளை எழுதி வையுங்கள். இரவு தங்கும் எண்ணம் இல்லையென்றால் அறையுள்ள படகே தேவையில்லை. 4.23 மீட்டர் நீளமுள்ள, லேசர் என்ற வகையைப் போன்ற ஒரு சிறு படகு, காற்றைப் பற்றி ஒரே பருவத்தில் கற்றுத்தருவதைப் பெரிய படகு மூன்று பருவங்களிலும் கற்றுத்தராது.

இன்னும் பாய் ஏற்றிப் பழகாதவர், வாங்குவதற்கு முன் ஒரு பயிற்சி வகுப்பை முடித்துவிட்டு, பிறர் படகுகளில் உதவியாளாகச் சில முறை போய்வருவது நல்லது. வெவ்வேறு நீளமுள்ள மூன்று நான்கு படகுகளில் கயிறு பிடித்தவருக்குத் தமக்கு எது பிடிக்காது என்பதாவது தெரிந்துவிடும்.

1998-க்குப் பின் ஐரோப்பியச் சந்தைக்காகக் கட்டப்பட்ட படகுகளில், தயாரிப்பாளரின் தகட்டில் ஏ முதல் டி வரையிலான வடிவமைப்பு வகை குறிக்கப்பட்டிருக்கும். டி வகை அமைதியான உள்நாட்டு நீருக்கானது. சி வகை கரையோரத்தில் 2 மீட்டர் வரையிலான அலைக்கும், பி வகை 4 மீட்டர் வரையிலான அலைக்கும், ஏ வகை அதற்கும் மேற்பட்ட நிலைகளுக்கும் உரியவை. இந்த எழுத்து, படகு புதிதாக இருந்தபோது வடிவமைப்புக்குத் தரப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். இன்றைய கம்பிகளின் நிலையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இரண்டாம் படி: நீளத்தை முடிவு செய்தல்

இருபத்துநான்கு அடிப் படகையும் முப்பத்தாறு அடிப் படகையும் அருகருகே பார்ப்பவருக்குப் பன்னிரண்டு அடி வேறுபாடு மட்டுமே கண்ணில் படும். ஆனால் ஒத்த வடிவமுள்ள படகுகளின் எடை நீளத்தின் மூன்றாம் அடுக்கில் உயர்கிறது. நீளம் ஒன்றரை மடங்கானால் எடை ஏறத்தாழ மூன்றேகால் மடங்குக்கும் மேல் ஆகும். பாயின் பரப்பு, கயிற்றில் விழும் இழுவிசை, நங்கூரத்தின் எடை, அடிப்பாகத்துக்குப் பூச வேண்டிய வண்ணத்தின் அளவு ஆகிய அனைத்தும் அதனோடு சேர்ந்து ஏறுகின்றன. கிடைக்கும் வேகமோ அந்த விகிதத்தில் ஏறுவதில்லை. எடை மிகுந்த உடலுள்ள ஒரு படகின் உச்ச வேகம், நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் வருவது. நீர்மட்ட நீளம் 20 அடியென்றால் மணிக்கு 6 கடல் மைல். 30 அடியென்றால் 7.3 கடல் மைல்.

என் கருத்தில், அறையுள்ள முதற்படகுக்கு 22 அடியிலிருந்து 27 அடிவரை பொருத்தமான அளவு. முன்பாயின் கயிற்றை, கயிறு சுற்றி இழுக்கும் உருளையான வின்ச் சிறியதாக ஒன்றைக் கொண்டே ஒருவர் இழுத்துக் கட்டலாம். துறையில் மோதப்போகும்போது படகைக் கையால் தள்ளி நிறுத்தலாம். சுக்கானைத் திருப்பச் சக்கரமும் சங்கிலியும் இல்லாமல் ஒரு கைப்பிடித் தடியே போதும். சிறிய படகென்றால் குறைந்த படகு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: டானியா ஏபி 1985-இல் தம் பதினெட்டாம் வயதில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு 1987-இல் உலகைச் சுற்றி முடித்த படகு கான்டெஸா 26, அதாவது ஏறத்தாழ 26 அடி நீளமுள்ளது. அதைப் பின்பற்றச் சொல்லவில்லை. அளவு பற்றிய தாழ்வு மனப்பான்மையை விட்டுவிடலாம் என்கிறேன்.

மூன்றாம் படி: கீலும் கட்டுமானமும்

படகின் அடியில் கனமாக நின்று, காற்றடிக்கும்போது படகைப் பக்கவாட்டில் நழுவாமலும் கவிழாமலும் காக்கும் உறுப்பே கீல். அதன் வடிவத்தை உங்கள் நீரின் ஆழம் தீர்மானிக்கட்டும். ஆழமான நீரும் நிலையான துறையும் இருந்தால், துடுப்புப் போல் ஒடுங்கி இறங்கும் கீல் காற்றை எதிர்த்து ஏறவும் விரைவாகத் திரும்பவும் உதவும். அணியத்தின், அதாவது படகின் முன்பகுதியின், அடியிலிருந்து சுக்கான்வரை நீளும் கீல், நேர்கோட்டில் அமைதியாகப் போகும். ஆனால் பின்னோக்கி ஓட்டும்போது சொன்னபடி கேட்காது. ஓதம் வடிந்து தரை தெரியும் இடங்களில் இரட்டைக் கீல் படகுகள் இரு கால்களில் நிற்பதுபோல் தாமே நின்றுகொள்ளும். 1969-இல் வெளிவந்த வெஸ்டர்லி சென்டார் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இழுவண்டியில் ஏற்றிச் செல்ல விரும்புபவருக்கு மேலே மடக்கும் கீல் வசதியானது. ஆனால் அதைத் தூக்கும் கம்பிவடம், சிறு வின்ச், சுழலும் அச்சாணி ஆகிய மூன்றும் தேய்வன என்பதால் ஆய்வின்போது தனிக் கவனம் வேண்டும்.

உடல் எதனால் ஆனது என்பதில் முதன்முறை வாங்குபவருக்கு நான் விட்டுக்கொடுப்பதில்லை: கண்ணாடியிழையே வேண்டும். மரப்படகு அழகானது; அது ஒரு தச்சுத் தொழிலையும் சேர்த்துக் கேட்கும். இரும்புப் படகு உள்ளிருந்து துருப்பிடிக்கும். சிமென்ட் படகின் உள்ளேயிருக்கும் கம்பிவலையின் நிலையை யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆயிரக்கணக்கில் கட்டப்பட்ட ஒரு வகையைத் தேடுவது அடுத்த பாதுகாப்பு. 1969-இல் தொடங்கிய கேட்டலினா 22, பதினையாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது. அவ்வளவு பேர் வைத்திருந்த படகின் குறைகள் அனைத்தும் எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. உதிரிப் பாகங்கள் கிடைக்கும். விற்கும்போதும் வாங்க ஆளிருக்கும். 1977 முதல் ஐயாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட ஜே 24 வகையும் எளிதில் கிடைக்கும். ஆனால் அது பந்தயத்துக்காகப் பிறந்தது. பந்தயத்தில் பல ஆண்டுகள் வதைபட்ட படகைப் புதியவர் இரு மடங்கு ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

நான்காம் படி: பணத்தைப் பங்கிடுதல்

கையில் இருக்கும் தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் படகின் விலையாகக் கொடுக்க வேண்டாம். மீதி, ஆய்வுக்கும் காப்பீட்டுக்கும் முதல் ஆண்டில் தவறாமல் வெளிப்படும் பழுதுகளுக்கும் தேவைப்படும். படகின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுச் செலவாகும் என்ற கணக்கொன்று புழக்கத்தில் உண்டு. விலை குறைந்த பழைய படகுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ஏனெனில் நிறுத்துமிட வாடகையும் கிரேன் கட்டணமும் புதிய பாயின் விலையும் படகின் மதிப்பைப் பார்ப்பதில்லை, அளவையே பார்க்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் முப்பதடிப் படகுக்கும் முப்பதடிப் படகின் செலவுதான். அதனால்தான் அது இலவசமாகக் கிடைக்கிறது.

ஐந்தாம் படி: பார்க்கப் போவதற்கு முன் கேட்க வேண்டியவை

தொலைபேசியிலேயே பாதிப் படகுகளைத் தள்ளிவிடலாம். கம்பிகள் எந்த ஆண்டில் மாற்றப்பட்டன, பாய்கள் எந்த ஆண்டைச் சேர்ந்தவை, எஞ்சின் கடைசியாக எப்போது ஓடியது, படகு எப்போது கரையேற்றப்பட்டது, எப்போதேனும் தரைதட்டியதா, உரிமைப் பத்திரங்கள் விற்பவர் பெயரிலேயே இருக்கின்றனவா என்று கேளுங்கள். “சமீபத்தில்தான்” என்ற விடைக்கு ஆண்டும் ரசீதும் வேண்டும். “தெரியாது” என்று வரும் ஒவ்வொரு விடைக்கும், அந்த உறுப்பு படகைப் போலவே பழையது என்று எழுதிக்கொள்ளுங்கள். இறுதியாக, நீங்கள் வரும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் அதைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எளிதில் இயங்காது என்பதை மறைக்கிறார்களோ என ஐயப்பட இடமுண்டு.

ஆறாம் படி: நீங்களே செய்யும் ஆய்வு

ஒரு பிளாஸ்டிக் சுத்தியல், கைவிளக்கு, சிறு கண்ணாடி, உருப்பெருக்கி, கந்தல் துணி, குறிப்பேடு ஆகியவற்றோடு மூன்று மணி நேரத்தை ஒதுக்குங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். ஏனெனில் இந்த ஆய்வு முழுவதும் தண்ணீர் எங்கே புகுந்தது என்ற தேடலே.

மேல்தளத்திலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலான ஃபைபர் படகுகளின் மேல்தளம் இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளும், அவற்றுக்கு நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்த அடுக்குமாகக் கட்டப்பட்டது. எடை குறைவாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் கைப்பிடிக் கம்பத்துக்கும் வின்ச்சுக்கும் கயிறு கட்டும் கொளுவிக்கும் இந்த அடுக்கு துளையிடப்படுகிறது. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பூசிய அடைப்புப் பசை சில ஆண்டுகளில் காய்ந்து பிளக்க, மழைநீர் நடுமரத்துக்குள் இறங்கி வெளியே வர வழியின்றி அதை உளுக்கச் செய்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தளம் பளபளப்பாகவே இருக்கும். சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீரென்றும் உளுத்த இடத்தில் மொத்தென்றும் ஒலிக்கும். தேங்காயைத் தட்டிப் பார்த்துப் பழகிய காதுக்கு இது கடினமன்று. குதிகாலை ஊன்றி நடந்து, தளம் எங்கேனும் அமுங்குகிறதா, துளையோரம் நீர் கசிகிறதா என்றும் பாருங்கள். உள்ளங்கையளவு உளுத்திருந்தால் சரிசெய்துவிடலாம்; பாய்மரத்தைச் சுற்றியும் பக்கத் தளங்களிலும் பரவியிருந்தால், தளத்தைக் கிழித்து மீண்டும் கட்ட வேண்டிய அந்த வேலையின் செலவு சிறு படகின் விலையையே மிஞ்சிவிடக்கூடும்.

பிறகு கம்பிகள். பாய்மரத்தை நிமிர்த்தி வைத்திருக்கும் துருவேறா எஃகுக் கம்பிகள் அறுந்தால் பாய்மரம் சாய்ந்துவிடும். எனவே கந்தல் துணியால் ஒவ்வொரு கம்பியையும் தழுவியபடி மேலிருந்து கீழாகத் தடவுங்கள். அறுந்த இழை ஒன்று துணியைக் கொக்கிபோல் பிடித்தால் அந்தக் கம்பியின் ஆயுள் முடிந்துவிட்டது. கம்பியின் முனையை இறுக்கிப் பிடிக்கும் உருளையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். கீழ்முனைகளில்தான் உப்புநீர் தேங்கும் என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை. கம்பிகளைப் படகின் உடலோடு பிணைக்கும் செயின்பிளேட் என்ற உலோகப் பட்டை இன்னும் வஞ்சகமானது. துருவேறா எஃகு காற்றுபடும் வரையில்தான் துருவேறாது. ஆக்ஸிஜன் எட்டாத ஈர இடுக்கில், அதாவது பட்டை மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் அந்த அரை அங்குலத்தில், அது கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கப்படும். அறைக்குள் போய், பட்டைகள் பொருத்தப்பட்ட மரச்சுவரில் பழுப்புக் கறையோ கறுத்த ஈரமோ தெரிகிறதா என்று பாருங்கள். பல காப்பீட்டாளர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட கம்பிகளை மாற்றச் சொல்வதால், அந்தச் செலவை விலைபேசும்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

கரையேற்றப்பட்ட நிலையில் மட்டுமே அடிப்பாகத்தைப் பார்க்க முடியும். கீலும் உடலும் சேரும் இடத்தின் முன்பக்கத்தில் பிளவு தெரிந்தால், அடைப்புப் பசை காய்ந்ததாகவும் இருக்கலாம், கீலைப் பிடிக்கும் போல்ட்டுகள் தளர்ந்ததாகவும் இருக்கலாம். உள்ளே தரைப்பலகையைத் தூக்கி, போல்ட்டுத் தலைகள் துருவால் உதிர்கின்றனவா என்றும், கீலின் பின்முனைக்கு நேர் மேலே உடலில் விரிசல்கள் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். வேகமாகத் தரைதட்டிய படகில் கீலின் பின்முனை மேல்நோக்கி அழுத்துவதால் சேதம் அங்கேதான் தெரியும். சுக்கானைப் பிடித்து ஆட்டுங்கள். கரையேறிச் சில நாட்களான பின்னும் அதன் அடியிலிருந்து நீர் சொட்டினால், உள்ளேயிருக்கும் உலோகச் சட்டம் ஈரத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது.

அடிப்பாகத்தில் கொப்புளங்கள் தெரிந்தால் பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணாடியிழையைப் பிணைக்கும் பாலியெஸ்டர் ரெசினுக்குள் நீர் ஊடுருவி, கரைந்த வேதிப்பொருள்களோடு சேர்ந்து அழுத்தத்தை உண்டாக்குவதால் எழும் சிறு கொப்புளங்களால் படகு மூழ்குவது மிக அரிது. ஆயிரக்கணக்கில் இருந்தாலோ, இழை அடுக்குகள் ஒன்றை விட்டு ஒன்று பிரிந்திருந்தாலோ கவலைப்படலாம்; பத்துப் பன்னிரண்டு கொப்புளங்கள் விலையைக் குறைத்துப் பேச நல்ல காரணம்.

மூழ்கடிக்கும் வலிமை உண்மையில் உள்ளவை, உடலைத் துளைத்துப் போகும் குழாய்களின் வால்வுகள். ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பாருங்கள். இறுகிப்போன வால்வு இல்லாத வால்வுக்குச் சமம். வெண்கலமா, சாதாரணப் பித்தளையா என்று அறிய ஓரிடத்தைச் சுரண்டினால், இளஞ்சிவப்பு தெரியும் பித்தளையில் துத்தநாகம் கடல்நீரில் கரைந்து போயிருக்கிறது. அதை ஓர் உதையில் உடைத்துவிடலாம். அந்தச் சோதனையை விற்பவர் படகில் செய்ய வேண்டாம்.

எஞ்சின், டீசலாக இருந்தால் நல்லது. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிக்குழியில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சமையல் எரிவாயுவும் அப்படியே என்பதால் அதன் குழாய்களையும் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் வெளியேறும் புகை சில நிமிடங்களில் தெளிய வேண்டும். தொடரும் கரும்புகை காற்றுக் குறைவையோ அதிகச் சுமையையோ காட்டும். நீலம், எண்ணெய் எரிவதைக் காட்டும். வெண்மை, எரியாத டீசலாகவோ நீராவியாகவோ இருக்கலாம். அளவுகோலில் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது. ஓடிய மணிநேரம் அதிகமென்று பயப்பட வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடந்த டீசல் எஞ்சினே எனக்கு அதிக அச்சம் தருவது. சிறு படகுகளின் பின்புறம் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரைப் பொறுத்தவரை கவலை குறைவு. கெட்டால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம்.

பாய்களைத் தரையில் விரித்துப் பாருங்கள். துணி மொடமொடப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழைய வேட்டிபோல் தொய்ந்திருந்தால் காற்றை எதிர்த்து ஏறாது. தையல் நூலை நகத்தால் நெருடினால் பொடியாகுமானால் வெயில் அதைத் தின்றுவிட்டது. மெத்தை, திரைச்சீலை, மங்கிய வண்ணம், பழைய மின்னணுக் கருவிகள் ஆகியவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம். விற்பவர் அவற்றைத்தான் முதலில் காட்டுவார்.

ஏழாம் படி: விலைபேச்சு, சர்வேயர், வெள்ளோட்டம்

உங்கள் ஆய்வில் தேறிய படகுக்கு மட்டும் விலை சொல்லுங்கள். அதுவும் எழுத்தில், சர்வேயர் என்ற தொழில்முறைப் படகு ஆய்வாளரின் ஆய்வும் வெள்ளோட்டமும் நிறைவாக அமைந்தால் மட்டுமே வாங்குவதாகவும், இல்லையெனில் முன்பணம் திரும்ப வேண்டும் என்றும் குறிப்பிட்டு. சர்வேயரை நீங்களே அமர்த்த வேண்டும். விற்பவரோ தரகரோ பரிந்துரைக்கும் ஒருவரையும், விற்பவரிடமுள்ள பழைய ஆய்வறிக்கையையும் நம்பி வாங்க வேண்டாம். படகைக் கரையேற்றி ஆய்வு செய்யும்போது நீங்களும் உடனிருங்கள். அறிக்கையில் மென்மையாக எழுதப்படுவது, அருகில் நின்று கேட்கும்போது வெளிப்படையாகச் சொல்லப்படும்.

வெள்ளோட்டத்தில் பாய்கள் அனைத்தையும் ஏற்றி இறக்க வேண்டும். இருபுறமும் திருப்ப வேண்டும். எஞ்சினை முழு வேகத்தில் பத்து நிமிடமாவது ஓட்டி, சூடேறுகிறதா என்று பார்க்க வேண்டும். காற்று வீசும்போது, சாய்ந்த பக்கத்தின் கம்பி சற்றுத் தளர்வது இயல்பு. அது தொங்கி ஆடினால் காரணம் தேட வேண்டும். சுக்கான்தடியை விட்டால் படகு மெதுவாகக் காற்றை நோக்கித் திரும்ப வேண்டும். கையைப் பிடுங்குமளவு இழுத்தால் பாய் தொய்ந்திருக்கலாம், அல்லது பாய்மரம் சரியாக நிற்கவில்லை.

பத்திரங்களில், உடலில் பொறித்த அடையாள எண்ணும் ஆவணத்திலுள்ள எண்ணும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 1972 நவம்பருக்குப் பின் அமெரிக்கச் சந்தைக்குக் கட்டப்பட்டவற்றில் பின்பக்கப் பலகையின் வலப்புறத்தில் பன்னிரண்டு குறிகள் கொண்ட எண் இருக்கும். படகின்மேல் கடனோ நிறுத்துமிட வாடகை நிலுவையோ இருந்தால், சில சட்டங்களின்படி அது படகோடேயே புதிய உரிமையாளரிடம் வந்து சேரும். எனவே நிலுவையில்லை என்பதை எழுத்தில் பெறுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் குறைகளை மூன்றாகப் பிரியுங்கள்: இப்போதே சரிசெய்யாவிட்டால் படகை ஓட்டக் கூடாதவை, இரண்டு ஆண்டுக்குள் சரிசெய்ய வேண்டியவை, கண்ணை மட்டும் உறுத்துபவை. முதல் வகையின் செலவை விலையிலிருந்து முழுமையாகவும், இரண்டாம் வகையில் பாதியையும் கழித்துக் கேட்பது நியாயம். மூன்றாம் வகையைப் பேசவே வேண்டாம். கீல், மேல்தளம், எஞ்சின் ஆகிய மூன்றில் இரண்டு முதல் வகையில் விழுந்தால், எவ்வளவு குறைத்தாலும் அந்தப் படகு உங்களுக்கானதன்று. ஆய்வுக்குக் கொடுத்த பணம் போனதாக வருந்தாமல் அடுத்ததைப் பார்க்கப் போங்கள்.

வாங்கிய பிறகு, முதல் பயணத்துக்கு முன் எஞ்சினின் குளிர்நீர்ப் பம்பில் சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர், எரிபொருள் வடிகட்டிகள், வால்வுகளில் மாட்டிய குழாய்களின் கவ்விகள், சங்கிலியோடு நங்கூரம் ஆகியவற்றை ஒரே நாளில் பார்த்துவிடுங்கள். பழைய உரிமையாளர் சம்மதித்தால் அந்த முதல் பயணத்துக்கு அவரையே அழைத்துப் போங்கள். படகின் அடிக்குழிப் பம்பு ஏன் சில நேரம் நின்றுவிடுகிறது, எந்தச் சாளரம் எந்தப் பக்கக் காற்றில் ஒழுகும் என்பதெல்லாம் விற்கும்வரை அவருக்கு நினைவுக்கு வந்திருக்காது. பணம் கைமாறி, பாய் விரிந்து, தேநீர் ஊற்றியபின் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவார். குறிப்பேட்டை அன்றும் கையில் வைத்திருங்கள்.